கடல் வீட்டில் இல்லாத நேரம்

வியாழக்கிழமைகளில் ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் மண்டபத்தில் என்னோடு தேநீர் குடிக்கும் நண்பர்களே, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். சின்ன வயது நினைவாக இருக்க வேண்டும், இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், சுகர் வருத்தம் பற்றி இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். முப்பது வருடம் நகரசபைக் கந்தோரில் மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் குறைபாடு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். நிபந்தனைகளை மீற எனக்கு வராது. பக்க எண்ணிக்கையை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேர்கனில் இருக்கும் மகள் போன வாரம் ஒரு தடித்த உறை அனுப்பியிருந்தாள். உள்ளே இணையத்தில் இருந்து அச்சடித்த ஆறு தாள்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூரில் வீடு எடுத்து ஒரு கிழமை, ஏழு நாள், தங்கப் போகிறார்களாம், என்னையும் கூட்டிக்கொண்டு. தாள்களில் அந்த ஊரில் பார்க்கவேண்டியவையும் செய்யவேண்டியவையும்: கடல்நாய் பார்க்கும் படகுப் பயணம், துறைச் சுவரில் இருந்து நண்டு பிடித்தல், காற்றாலை, கல்லால் கட்டிய பழைய தேவாலயம், மணல்வெளியில் நீண்ட நடை. விருப்பமானவற்றுக்குப் பக்கத்தில் சரி போடும்படி சின்னப் பெட்டிகள். பெட்டிகளை மகள்தான் கையால் வரைந்திருந்தாள். என் மகள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

அந்த ஊரை அவள் தற்செயலாகத் தெரிந்தெடுக்கவில்லை. எட்டு வயதில் நான் அங்கே பதினேழு நண்டு பிடித்த கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அதே கிழமையில் நடந்த மற்றக் கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குக் கொழும்பில் காணிப் பதிவுக் கந்தோரில் உத்தியோகம். ஆவணங்களைப் பாதுகாக்கும் முறை படிக்கவென்று அரசாங்கம் அவரை இரண்டு வருடம் லண்டனுக்கு அனுப்பியது. அம்மாவும் நானும் கூடப் போனோம். போய் மூன்றாம் மாதம் யாழ்ப்பாணத்தில் அப்பப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. கப்பலில் போய்ச்சேர மூன்று கிழமைக்கு மேல். கொள்ளி வைத்தது சித்தப்பா. வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் செய்ததும் சித்தப்பா. மூத்த மகன் லண்டனில் ஒரு நிலக்கீழ் அறையில் பழைய தோல் காகிதங்களுக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தார்.

அப்பா அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. ஆனால் இரண்டாவது கோடை வந்தபோது, ஆடி அமாவாசையை மட்டும் தம்பியிடம் விடுவதில்லை என்று முடிவெடுத்தார். தகப்பன் இல்லாதவர்கள் கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் விடும் நாள். ஊரில் என்றால் கீரிமலைக் கடற்கரை. லண்டனில் தேம்ஸ் ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இது சரிவராது" என்றார். பிறகு கந்தோரில் கூடப் படித்த ஒருவரிடம், சனம் குறைந்த கடற்கரை எது என்று விசாரித்தார். வேட்டியோடு நின்று தண்ணீர் விடும்போது சுற்றி நின்று பார்க்க ஆட்கள் இருக்கக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

என்னிடம் அப்பா விடுமுறை என்றார். அம்மா மட்டும் உண்மையைச் சொன்னாள். "அப்பப்பாவுக்குத் தண்ணி விடத்தான் போறம். நீ அங்கை போய் அது வேணும் இது வேணும் எண்டு அப்பாவைக் கரைச்சல் படுத்தக்கூடாது."

நாங்கள் தங்கியது ஒரு விதவையின் வீட்டில். அந்த வீட்டுக்காரி உயரமானவள், சிரிப்பைச் சிக்கனமாகப் பாவிப்பவள். கூடத்தில் சாப்பாட்டு மணிக்குப் பக்கத்தில் அவளுடைய விதிகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. காலை பத்து மணிக்கு வெளியேற வேண்டும். மாலை ஐந்துக்கு முன் திரும்பக்கூடாது. மணலோடு படியேறக்கூடாது. சனிக்கிழமை மட்டும் வெந்நீர்க் குளியல். அம்மா சொன்னாள்: "இது வீடோ மறியல்வீடோ?" அப்பாவோ முழுவதையும் நின்று வாசித்து, மிகுந்த திருப்தியோடு, "ஒழுங்கான மனுசி" என்றார்.

அந்தச் சட்டத்துக்கு அருகில், ஆணியில், இன்னொரு அட்டை தொங்கியது. நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நேரங்கள், பக்கத்தில் அடிக்கணக்கு. நான் அப்பொழுது கண்ணில் படும் அச்செல்லாம் வாசிக்கும் வயது.

"அப்பா, இது என்ன?"

அப்பா கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "அது வள்ளக்காரருக்கு, பிள்ளை. எங்களுக்கில்லை."

வட நோர்வேயில் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்ற நீங்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். அது கடல் வற்றும் நேரமும் பெருகும் நேரமும் போட்ட அட்டை என்று உங்களுக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்த அப்பாவுக்குக் கடல் என்பது விட்ட இடத்தில் நிற்கும் பொருள். முழங்கால் அளவு ஏறும், இறங்கும். அதற்காக யாரும் அட்டை அடிப்பதில்லை.

அப்பா நிகழ்ச்சி நிரல் போட்டிருந்தார். காலையில் உள்ளூர்க் காட்சிகள், பின்னேரம் கடல். காற்றாலைக்குப் போனோம், அது சுற்றவில்லை. தேவாலயத்துக்குப் போனோம், அங்கே பழைய திருமணப் பதிவேடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அப்பா அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றார். அம்மா என் காதில், "சாமியைக் கும்பிடுற மாதிரி நிக்கிறார் பார்" என்றாள்.

பின்னேரம் துறைமுகத்துக்குப் போனால் தண்ணீர் சுவரின் விளிம்பு வரை தளதளவென்று நிற்கும். கடல்நாய்ப் படகுக்காரர் புறப்படும் நேரத்தைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார். ஞாயிறு மூன்றரை. திங்கள் நாலேகால். செவ்வாய் ஐந்து.

"இவனுக்கு நேர ஒழுங்கு கிடையாது" என்றார் அப்பா. "நித்திரையாலை எழும்பிற நேரத்துக்குப் படகு விடுறான்."

படகில் போய்ப் பார்த்தோம். மணல் திட்டில் கடல்நாய்கள் கலியாணச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்த மாமாமார் மாதிரிக் கிடந்தன. மொத்தம் எத்தனை என்று அப்பா கேட்டார். எண்ணிப் பார்த்ததில்லை என்றார் படகுக்காரர். அப்பாவுக்கு அந்தக் கிழமை முழுவதும் அது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

நண்டுக் கதைக்கு வருகிறேன். துறைச் சுவரில் பிள்ளைகள் நூலில் பன்றி இறைச்சித் துண்டு கட்டி நண்டு பிடிப்பார்கள். விரதக் கிழமையில் அம்மா இறைச்சியைத் தொட விடுவாளா? ஆனால் ஊரில் இருந்து வந்த பார்சலில் கருவாடு இருந்தது. மணத்தால் வீட்டுக்காரி எங்களைத் துரத்திவிடுவாள் என்று பயந்து, அம்மா அதை மூன்று துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். நான் அதில் ஒரு துண்டு களவெடுத்தேன். நூலை இறக்கியதுதான் தாமதம், அந்தத் துறையில் இருந்த நண்டெல்லாம் என் பக்கம் வந்தன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நூலைச் சுருட்டிவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். பதினேழு. அப்பா எண்ணினார். அந்தக் கிழமையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்பொழுதுதான்.

"நண்டுக்கும் தெரியுது, எது திறம் எண்டு," என்றாள் அம்மா. பிறகுதான் கருவாடு எங்கே இருந்து வந்தது என்று யோசித்து என் காதைப் பிடித்தாள்.

புதன்கிழமை அமாவாசை. ஊர்ப் பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கத்தைச் சித்தப்பா விமானத் தபாலில் அனுப்பியிருந்தார். இலங்கை நேரத்தை அப்பா இங்கிலாந்தின் கோடை நேரத்துக்கு மாற்றி, இரண்டு முறை சரிபார்த்து, திதி காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார். பதினொரு மணிக்குக் கடலில் நிற்பது என்று தீர்மானம். ஐயர் சொல்லச் சொல்லச் சித்தப்பா எழுதிய மந்திரம் இன்னொரு கடுதாசியில், தர்ப்பை அதே உறைக்குள், எள் ஒரு கொக்கோ டின்னுக்குள். அப்பப்பாவின் பித்தளைச் செம்பு லண்டனுக்கு வரும்போதே வந்தது. அவருடைய பெயரின் முதலெழுத்து அதில் வெட்டியிருக்கும். அப்பா வெறும் வயிற்றோடு, வேட்டிக்கு மேல் மழைக்கோட்டும் தொப்பியும் போட்டு வெளிக்கிட்டார். வீட்டுக்காரி பார்த்தாள். கேட்கவில்லை. விருந்தாளிகளின் உடுப்புப் பற்றி அவளிடம் விதி எதுவும் இருக்கவில்லை.

மணல்மேட்டில் ஏறி நின்றோம். அம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, கடல் எங்கை?"

நேற்றுப் பின்னேரம் அலை அடித்த இடத்தில் ஈர மணல். அதற்கு அப்பாலும் மணல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாக, கருமையாக, ஆங்காங்கே குளம் மாதிரித் தண்ணீர். அடிவானத்தில் ஒரு வெள்ளை நூல்.

"அங்கைதான் இருக்கும்," என்றார் அப்பா.

"இருக்கும் எண்டால்?"

"கடல் எங்கை போறது? நீர் இதிலை இரும். நான் போட்டு வாறன்."

அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் கடல் மிகத் தூரம் வற்றும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அப்பா வருடத்தில் தேடித் தேடி எடுத்த நாள், கடல் வீட்டில் இல்லாத நாள். எடுத்த நேரம், அது வெகுதூரம் போய்விட்ட நேரம். திதியை நிமிடம் தவறாமல் கணக்குப் பார்த்தவர், கூடத்தில் ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்க்கவில்லை.

சப்பாத்தையும் மழைக்கோட்டையும் கழற்றி வைத்துவிட்டு, செம்போடு நடந்தார். சிறிதாகிக்கொண்டே போனார். அப்பொழுதுதான் அம்மா பைக்குள் கையை விட்டாள். கொக்கோ டின் உள்ளே இருந்தது.

"ஐயோ, எள்ளை விட்டிட்டுப் போறார். ஓடு பிள்ளை, ஓடிப்போய் அப்பாட்டைக் குடு."

ஓடினேன். மணலில் அலை வரைந்த வரிகள் உள்ளங்காலில் குத்தின. வழியில் ஒரு வாய்க்கால், கணுக்கால் அளவு தண்ணீர், பனிக்கட்டி மாதிரிக் குளிர். தூண்டிலுக்குப் புழு தோண்டும் ஒருவர் வாளியும் மண் கிண்டும் நீளப்பிடி முள்ளுக்கரண்டியுமாக நின்றார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் டின்னைக் காட்டிவிட்டு ஓடினேன்.

கடலை அடைந்தபோது பன்னிரண்டு ஆகியிருக்கும். அப்பா முழங்கால் தண்ணீரில், கடுதாசியை மூக்குக்கு நேரே பிடித்தபடி நின்றார். கண்ணாடி முழுக்கத் தூவானம். துடைக்கத் துணி இல்லை, வேட்டியும் நனைந்துவிட்டது.

"பிள்ளை, உனக்கு இது வாசிக்கத் தெரியுமோ?"

அம்மா எனக்குத் தமிழ் எழுத்துப் பழக்கியிருந்தாள். சமஸ்கிருதத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்த அந்தக் கடுதாசியை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் தடக்கிய இடத்தில் அவரும் தடக்கினார். பிழையாக வாசித்தாலும் அதையே திருப்பிச் சொன்னார். நான் எள்ளைக் கையில் போடப்போட, செம்புத் தண்ணீர் விரல்வழியே ஓடியது. கடைசியில் மூன்று தலைமுறைப் பெயர்கள். அப்பப்பாவின் பெயரை நான் வாசித்தபோது அப்பா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை வாசித்தேன். அப்போது சொன்னார்.

அவர் அழுதார் என்று நினைக்கிறேன். காற்று பலமாக அடித்ததால் உறுதிப்படுத்த இயலவில்லை.

பிறகு வெகுநேரம் அப்படியே நின்றோம். எனக்குக் குளிர்ந்தது. கரைச்சல் படுத்தக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கியபோது, புழு தோண்டும் மனிதர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று முள்ளுக்கரண்டியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ச் சனம் நல்ல மரியாதை," என்று அப்பா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "நீயும் கை காட்டு, பிள்ளை."

நானும் காட்டினேன். அவர் இன்னும் பலமாக ஆட்டினார். நாங்களும் இன்னும் பலமாக ஆட்டினோம். கடைசியில் அவர் கரண்டியை எறிந்துவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தார். வரும்போது கணுக்கால் அளவு இருந்த வாய்க்கால் அவருடைய இடுப்பில் ஓடியது.

என்னை ஒரு மூட்டை மாதிரித் தூக்கித் தோளில் போட்டார். அப்பாவைப் பார்த்து இரண்டு சொல் சொன்னார். அவற்றின் பொருளைப் பிறகு பள்ளிக்கூடத்தில்தான் அறிந்தேன். அப்பா செம்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி பின்னால் இறங்கினார். நடு வாய்க்காலில் கால் வழுக்கியது. தலை போனது, வந்தது. போனது, வந்தது. மூன்றாம் முறையும் போனது. தோளில் கிடந்தபடி எண்ணினேன். மூன்று முழுக்கு, விதிப்படி.

மூன்றாம் முறை அவர் எழும்பியபோது ஓட்டம் வேட்டியை அவிழ்க்கப் பார்த்தது. ஒரு கையை அந்த மனிதர் பிடித்திருந்தார். மற்றக் கையில் செம்பு. வேட்டியா, செம்பா என்று தீர்மானிக்க அப்பாவுக்கு ஒரு விநாடிதான் கிடைத்தது. வேட்டியைப் பிடித்தார். செம்பு ஒருமுறை மினுங்கி, ஓட்டத்தோடு உருண்டு போனது.

கரையில் அம்மா மழைக்கோட்டை எனக்குச் சுற்றிவிட்டு, அந்த மனிதரைக் கைகூப்பிக் கும்பிட்டாள். அவர் வாளியைத் தேடித் திரும்பிப் பார்த்தார். அதுவும் போயிருந்தது.

ஐந்து மணிக்கு இரண்டரை மணித்தியாலம் இருந்தது. வீட்டுக்காரி கதவைத் திறந்து எங்கள் மூவரையும், எங்களோடு வந்த மணலையும் பார்த்தாள். வெந்நீர் அடுப்பை மூட்டினாள், புதன்கிழமையில். நாங்கள் குளித்து வந்த பிறகு ஆணியில் இருந்த அட்டையைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"இதை வாசித்தீர்களா?"

"வாசித்தேன், அம்மணி," என்றார் அப்பா. "எங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தேன்."

நண்பர்களே, நகரசபைக் கவுண்டரில் முப்பது வருடம் இதே பதிலைக் கேட்டேன், பல மொழிகளில். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடுமையாகத்தான் நடந்துகொண்டேன். சுவரில் இருக்கும் அட்டையை வாசிக்காத மனிதர்கள் சோம்பேறிகள் என்று நினைத்தேன். அவர்களில் சிலர் வேறு ஏதோ ஒன்றை நிமிடம் தவறாமல் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றவில்லை.

அன்று விரதம் முடிக்கச் சமைக்க வேண்டும். வீட்டுக்காரி தன் சமையலறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தாள். அதற்கும் எதிராக ஒரு விதி இருந்தது. ஆடி அமாவாசைக்குக் கசப்பான காத்தோட்டிக்காய்க் கறி வேண்டும். அம்மா தோட்டத்தில் காய்த்திருந்த பச்சை நெல்லி மாதிரியான ஒரு உரோமக்காயைக் காட்டிக் கேட்டு, பறித்து, கறி வைத்தாள். கசக்கவேண்டிய இடத்தில் புளித்தது. சோறும் கறியும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கொல்லையில் நின்று அப்பா "கா, கா" என்று கூப்பிட்டார். வீட்டுக்காரி யன்னலில். காகம் வரவில்லை. கூரையில் இருந்து ஒரு பெரிய கடற்காகம், வெள்ளை வெளேரென்று, இறங்கி வந்து தட்டையே கவிழ்த்துச் சாப்பிட்டது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இது சரியோ?"

அப்பா யோசித்தார். "பேரிலை காகம் இருக்குதுதானே. காணும், அது போதும். வாரும் சாப்பிடுவம்."

எதற்கும் கடுதாசி எழுதி விளக்கம் கேட்கும் மனிதர் அவர். பெண்பிள்ளை வாசித்தது செல்லுமா, முழுக்கு வாய்க்காலில் நடந்தது செல்லுமா என்று ஊர் ஐயருக்கு எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசிவரை எழுதவில்லை. விண்ணப்பிக்காதவரை யாரும் நிராகரிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கந்தோர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும் இரகசியம் அது.

அப்பா எண்பதுகளில், போர்க்கால ஊரடங்குக்குள், யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். நான் ஒஸ்லோவில். எனக்குச் சகோதரம் இல்லை. யார் தண்ணீர் விடுவது என்று கோயிலில் கேட்டேன். "மருமகன் செய்யலாம், அக்கா," என்றார் ஐயர், நல்ல மனிதர். என் கணவர் இருந்தவரை அவர் செய்தார். அவர் போய் மூன்று ஆடி அமாவாசை ஆகிறது. மூன்றிலும் நான் வீட்டில் மரக்கறி சமைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

நேற்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆறு தாளும் பாத்தனான். நண்டுக்குச் சரி போட்டிருக்கிறன். போற நாளை மாத்தேலுமோ?"

"அம்மா, எங்கடை ஃபேரி, கோடை லீவே, ஜூலையிலை. லீவு எழுதிக் குடுத்திட்டன்."

"எழுதிக் குடுத்ததை எப்பிடி மாத்திறது எண்டு நான் சொல்லித்தாறன். ஓகஸ்டிலை ஆடி அமாவாசை வருகுது. அண்டைக்கு அங்கை கடல் காலமை ஏழு மணிக்குத் துறைச் சுவர் வரைக்கும் வந்து நிக்கும். அட்டவணை பாத்திட்டன். திதியும் அப்ப நிக்குது."

மறுமுனையில் அவள் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தாத்தாவுக்கோ? அம்மா, அதை ஆர் செய்யிறது?"

"நான்தான்."

"நீங்கள் செய்யலாமோ? ஆரிட்டையும் கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை. கேக்கிற யோசனையும் இல்லை." பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். "உன்ரை சின்னவள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போறாள்தானே. வாசிப்பாளோ?"

"எட்டு வயசிலை என்னத்தை வாசிக்கிறது, அம்மா? எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்."

"காணும்," என்றேன். "கண்ணாடி துடைக்க ஒரு துணி மட்டும் மறக்காமல் எடுத்து வை."